41சிவி என்று சொல்லி 41சியைத் தள்ளிவிட்டார்கள்: 240 டாலர் போச்சு

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய ஹெச்பி கால்குலேட்டர் ஒன்று வாங்கினேன், பார்சல் வந்து ஒன்பது நாள் ஆகிறது. என் புகாரை நேற்று இரவு மூடிவிட்டார்கள். ‘வி’ என்ற ஒரே எழுத்துக்காக 240 டாலர் கொடுத்தேன். அந்த எழுத்து பெயர்ப்பட்டையில் மட்டும்தான் இருக்கிறது, உள்ளே இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காக: ஹெச்பி-41சி 1979ல் வந்த புரோகிராமபிள் கால்குலேட்டர். மெமரி 63 ரெஜிஸ்டர், அதாவது ஆளுக்கொரு எண்ணை வைக்கும் 63 அறைகள். தலைப்பக்கம் கூடுதல் மாட்யூல் செருக நாலு போர்ட் உண்டு. 64 ரெஜிஸ்டர் மாட்யூல் நாலைச் செருகினால் 319 ஆகும், ஆனால் போர்ட் நாலும் தீர்ந்துவிடும். பிறகு வந்த 41சிவியில் அந்த 319ம் உள்ளேயே இருக்கும், போர்ட்கள் காலியாக இருக்கும். ‘வி’ என்பது ரோமன் ஐந்து, அதாவது ஐந்து மடங்கு மெமரி. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான். ஏமாற்ற இதைவிட வசதியான பொருள் கிடையாது.

நான் வாங்கியது பழைய மின்னணுப் பொருள்களைத் தனியாட்கள் விற்கும் ஒரு தளத்தில். பெயர் வேண்டாம். விற்றவரிடம் முதலில் நான் கேட்டது, “இது நிஜமாகவே சிவிதானா?” பதிலில் அவரே, “வி என்றால் ரோமன் ஐந்து சார், நானே இதில் புரோகிராம் எழுதியவன்” என்றார். அங்கேதான் விழுந்தேன். இந்த விவரம் தெரிந்தவன் நம்ம ஆள் என்று ஒரு நினைப்பு. ஹெச்பியின் பழைய கால்குலேட்டரான ஹெச்பி-35க்கு அந்தப் பெயர் 35 பொத்தான் இருந்ததால் வந்தது என்றுகூடப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அரை மணி நேரம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால்தான் இப்போது எரிகிறது.

நானும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. ஆர்சிஎல் 99 (99ஆம் ரெஜிஸ்டரில் இருப்பதைக் காட்டு என்ற கட்டளை) அடித்து வீடியோ அனுப்பச் சொன்னேன். மெமரியை முழுதாக அழித்தபின் வெறும் சியில் 00 முதல் 16 வரை 17 டேட்டா ரெஜிஸ்டர்தான் இருக்கும், 63ல் மீதி புரோகிராமுக்கு. 99ஐக் கேட்டால் ‘நான்எக்ஸிஸ்டென்ட்’, அப்படி ஒன்று இல்லை, என்று காட்டும். சிவியில் பூஜ்யம் வரும். வீடியோவில் அழகாகப் பூஜ்யம் வந்தது. உடனே 240 டாலரை அனுப்பிவிட்டேன்.

பார்சல் வந்ததும் நாலு என்-சைஸ் பேட்டரி போட்டு, பின்னம்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தேன். ‘மெமரி லாஸ்ட்’. சரி, எதிர்பார்த்ததுதான். ஆர்சிஎல் 99: நான்எக்ஸிஸ்டென்ட். 50: நான்எக்ஸிஸ்டென்ட். 20, அதுவும் இல்லை. 17 இல்லை. 16க்கு வந்ததும் பூஜ்யம் தெரிந்தது. கை சில்லிட்டுவிட்டது. டேட்டாவுக்கு 273 ரெஜிஸ்டர் ஒதுக்கச் சொல்லி சைஸ் 273 கொடுத்துப் பார்த்தேன், சிவியில் அதுதான் ஆரம்ப அளவே. ‘பேக்கிங்’ என்று காட்டி, அடுத்து ‘டிரை அகெய்ன்’ என்றது, இடம் போதவில்லை என்று அர்த்தம். மறுபடி கொடுத்தேன். மறுபடி அதே.

அப்புறம் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஆரம்பம் முதல் கடைசி வரை முன்பக்கம் மட்டும்தான். தலைப்பக்க போர்ட்களை ஒரு நொடிகூடக் காட்டவில்லை. நாலு மாட்யூலின் மெமரியையும் ஒன்றில் அடக்கிய குவாட் மாட்யூல் என்று ஒன்று உண்டு. அதைச் செருகி வைத்துப் படம் எடுத்திருக்கிறார், அனுப்பும் முன் கழற்றிவிட்டார். வேறு எப்படி வரும் அந்தப் பூஜ்யம்?

இதைவிடப் பெரிய கேவலம் என்னுடையது. அவர் பின்பக்கப் படமும் அனுப்பியிருந்தார். ஹெச்பி சீரியல் எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தோடு 1960ஐக் கூட்டினால் வருஷம், அடுத்த இரண்டு வாரம். இதில் 1942 என்று தொடங்குகிறது. 1979ஆம் வருஷம், 42ஆம் வாரம். அப்போது சிவி என்று ஒன்று வரவே இல்லை! எனக்குத் தெரிந்த கணக்குத்தான், பார்க்கத் தோன்றவில்லை.

விற்றவரின் பதில்கள் வரிசையாக: பேட்டரி சரியில்லை சார். அப்புறம், காண்டாக்ட்டைத் துடைத்துப் பாருங்கள். சீரியல் எண்ணைக் காட்டியதும், பின்மூடி எப்போதோ ரிப்பேரில் மாறியிருக்கும். கடைசியில், 41 எல்லாம் ஒன்றுதானே சார், வேலை செய்கிறதல்லவா? அதன்பின் பேச்சே இல்லை.

தளத்தின் சேவைப் பிரிவு இன்னும் மோசம். என் ஆதாரப் படத்தையே எடுத்து, “தாங்கள் அனுப்பிய படத்திலும் 41சிவி என்றே உள்ளது, பொருள் விளக்கத்தோடு ஒத்துப்போகிறது” என்று எழுதினார்கள். பெயர்ப்பட்டையை மாற்றியிருக்கிறார்கள் என்று மூன்று முறை விளக்கினேன். மூன்று முறையும் அதே வாசகம், கீழே வேறு வேறு கையொப்பம். 240 டாலர் திரும்ப வராதாம்.

ஒரு நண்பர் ஆறுதலாக, “குவாட் மாட்யூல் ஒன்று வாங்கிச் செருகினால் சிவி ஆகிவிடுமே” என்றார். ஆகும். 240 டாலருக்கு மேல் அதற்கும் நானே அழ வேண்டும், ஒரு போர்ட்டும் போகும்.

மாடல் எழுத்துகளைப் பற்றி விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில: 41 வாங்கினால் நாலு போர்ட்டும் காலி என்று காட்டிவிட்டு, அதே வீடியோவில், நடுவில் வெட்டாமல், ஆர்சிஎல் 99 அடிக்கச் சொல்லுங்கள். கடிகாரம் உள்ளேயே இருக்கும் 41சிஎக்ஸ் என்றால், கட்டளையை இயக்கும் எக்ஸ்இக்யூ பொத்தானைப் போட்டு ‘டைம்’ என்று அடித்தால் நேரம் காட்ட வேண்டும், ஆனால் டைம் மாட்யூல் செருகியிருந்தாலும் காட்டும், அதனால் அங்கேயும் போர்ட்டைப் பாருங்கள். ஹெச்பி-25க்கும் 25சிக்கும், டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிஐ-58க்கும் 58சிக்கும் வித்தியாசம், சி இருந்தால் அணைத்தாலும் புரோகிராம் அழியாது. புரோகிராம் போட்டு, அணைத்து, திரும்ப ஆன் செய்யச் சொல்லுங்கள். எழுத்தை வைத்து நீங்களாக ஊகிக்காதீர்கள். ஹெச்பி-48ஜிஎக்ஸில் 128 கேபி மெமரியும் கார்டு ஸ்லாட்டும் உண்டு, 48ஜி பிளஸில் 128 கேபி உண்டு, ஸ்லாட் கிடையாது. சீரியல் எண்ணைப் பணம் அனுப்பும் முன் படியுங்கள், என்னைப்போல அப்புறம் படிக்காதீர்கள்.

இன்று காலை அந்தத் தளத்தைத் திறந்தேன். அதே ஆள், அதே பச்சை மேசைத்துணி, இன்னொரு 41சிவி. படங்களில் போர்ட் தெரியவில்லை. இந்த முறை 260 கேட்கிறார்.