‘எந்த நாட்டிலும் வேலை செய்யும்’ என்று சொல்லி விற்கப்பட்ட போன்: வெளிநாடு செல்வோர் கவனத்திற்கு

கடந்த ஆண்டு பணி நிமித்தமாகக் குடும்பத்துடன் ஆஸ்திரேலியாவுக்குச் செல்ல வேண்டியிருந்தபோது, பகல் நேரங்களில் வீட்டில் தனியாக இருக்கப்போகும் என் அம்மாவுக்காக, இணையத்தில் விற்பனை செய்யும் ஒருவரிடம் புதிய போன் ஒன்றை வாங்கினேன். ‘உலகப் பதிப்பு, எந்த நாட்டிலும் வேலை செய்யும்’ என்று விளம்பரம் செய்யப்பட்டிருந்த அந்தப் போன், அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரத்தில் பேசவே பயன்படாமல் போனது. கருவியில் பழுது எதுவும் இல்லை. அவசர உதவி எண்ணை அழைக்க முடியாத கருவி என்று கண்டறிந்து, அந்நாட்டுத் தொலைபேசி நிறுவனமே அதற்கான இணைப்பை நிறுத்திவிட்டது. வெளிநாடு செல்வதற்காகப் புதிய போன் வாங்குவோருக்கும், கையில் இருப்பதையே எடுத்துச் செல்வோருக்கும் இதே நிலை வரக்கூடும் என்பதால், நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன் நான் விசாரிக்காமல் இல்லை. இந்தப் போன் ஆஸ்திரேலியாவில் வேலை செய்யுமா, பெருநகரத்தைத் தாண்டிய சிற்றூரிலும் சிக்னல் கிடைக்குமா என்று விற்பனையாளரிடம் எழுத்து மூலமாகவே கேட்டிருந்தேன். “கண்டிப்பாக வேலை செய்யும் சார், இது அன்லாக் செய்த உலகப் பதிப்பு” என்று பதில் வந்தது. கூடவே, போன் ஏற்கும் அலைவரிசைகளின் அட்டவணை ஒன்றையும் படமாக அனுப்பியிருந்தார். அதில் பேண்ட் 28 (ஒவ்வொரு அலைவரிசைத் தொகுதியும் ‘பேண்ட்’ என்று எண்ணிட்டுக் குறிக்கப்படுகிறது) இடம்பெற்றிருந்தது. ஆஸ்திரேலியாவில் 4ஜி சேவை தொலைதூரம் சென்று சேர்வதற்கு 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையான இந்தப் பேண்டே பெரிதும் உதவுகிறது என்பதை முன்பே படித்திருந்ததால், அதைப் பார்த்ததும் மனம் நிறைந்து பணத்தைச் செலுத்தினேன்.

நான் செய்யத் தவறியது ஒன்றுதான். அந்தப் படத்தின் மூலையில் சிறிய எழுத்தில் இருந்த மாடல் எண்ணை, வந்து சேர்ந்த பெட்டியின் ஒட்டுச்சீட்டில் இருந்த மாடல் எண்ணுடன் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இரண்டிலும் போனின் பெயர் ஒன்றே. நிறமும் நினைவகமும் ஒன்றே. மாடல் எண்ணின் கடைசி எழுத்து மட்டும் வேறு. போன் தயாரிக்கும் நிறுவனங்கள் ஒரே பெயரில் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு வகைகளைத் தயாரிப்பது வழக்கம். வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. உள்ளே இருக்கும் ஆன்டெனாவும் ரேடியோப் பகுதியும் அந்தந்தப் பகுதியின் அலைவரிசைகளுக்கு ஏற்ப மாறுபடும், மென்பொருளும் மாறுபடலாம். எனக்கு அனுப்பப்பட்ட அட்டவணை ஒரு வகைக்கு உரியது. எனக்கு அனுப்பப்பட்ட போன் வேறொரு வகை. அதில் பேண்ட் 1, 3, 5, 8, 40, 41 ஆகியவை இருந்தன; 28 இல்லை. ஒரு பொருளின் அட்டவணையைக் காட்டி மற்றொரு பொருளை விற்றதை நான் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

விமான நிலையத்தில் இறங்கியதும் உள்ளூர் சிம் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். 4ஜி வந்தது, இணையம் வேகமாக இருந்தது, அம்மா ஊருக்குப் பேசினார். இந்த முதல் மகிழ்ச்சியை நம்பவே கூடாது என்பது இப்போது புரிகிறது. நகரங்களில் கோபுரங்கள் நெருக்கமாக இருப்பதால் 1800, 2100 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசைகளே போதுமானவையாக இருக்கும். குறைந்த அலைவரிசை இல்லாத குறை அங்கே வெளியே தெரியாது. நாங்கள் தங்கவிருந்த சிற்றூரை நெருங்க நெருங்க, என் பழைய போனில் சிக்னல் குறையாமல் இருக்க, அம்மாவின் புதிய போனில் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. வீட்டுக்குள் நுழைந்தால் சிக்னல் அறவே இல்லை. வாசலுக்கு வந்தால் ஒரு கோடு. அலைவரிசை குறையக் குறைய அலை அதிக தூரம் செல்லும், சுவர்களையும் எளிதாகக் கடக்கும். ஐரோப்பாவில் 800 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் பேண்ட் 20, அமெரிக்காவில் 600 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் பேண்ட் 71 ஆகியவையும் இதே பணியைத்தான் செய்கின்றன. போகும் நாட்டில் இப்படிப்பட்ட குறைந்த அலைவரிசை எதுவென்று அறிந்து, அது தன் போனில் இருக்கிறதா என்று பார்க்காதவருக்கு நகரத்தில் மட்டும் வேலை செய்யும் போன்தான் மிஞ்சும்.

வாசலில் நின்றாவது பேசலாம் என்று சமாளித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தக் குறுஞ்செய்தி வந்தது. இந்தக் கருவியால் அவசர உதவி எண்ணான 000-ஐ அழைக்க இயலாது, எனவே இதற்கான சேவை நிறுத்தப்படும் என்று தொலைபேசி நிறுவனம் தெரிவித்திருந்தது. சாதாரண அழைப்புகள் செல்கின்றனவே, இது தவறாக வந்த செய்தியாக இருக்கும் என்றே முதலில் நினைத்தேன். வாடிக்கையாளர் சேவை மையத்தில் ஓர் அலுவலர் பொறுமையாக விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது.

4ஜி தொழில்நுட்பம் அடிப்படையில் தரவுக்காக உருவாக்கப்பட்டது. ஆரம்பத்தில் வந்த 4ஜி போன்கள், அழைப்பு வந்தாலோ நாம் அழைத்தாலோ அந்த நேரத்துக்கு மட்டும் 3ஜி அல்லது 2ஜி வலையமைப்புக்கு இறங்கிப் பேசிவிட்டுத் திரும்பின. 4ஜியிலேயே குரலையும் கொண்டுசெல்லும் வசதிக்கு வோல்ட்இ என்று பெயர். இந்த வசதி போனில் இருந்தால் மட்டும் போதாது. எந்த நிறுவனத்தின் சிம் பொருத்தப்பட்டிருக்கிறதோ, அந்த நிறுவனத்துக்கான அமைப்புகளும் போனின் மென்பொருளில் இருக்க வேண்டும். சில போன்களில் இதைவிட நுட்பமான குறை ஒன்று இருக்கிறது. சாதாரண அழைப்புகளை வோல்ட்இ வழியாக அனுப்பும் அந்தப் போன்கள், அவசர அழைப்பை மட்டும் 3ஜி வழியாகவே அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2ஜி 2018-க்குள் முழுவதும் மூடப்பட்டுவிட்டது. டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் ஆகிய இரு நிறுவனங்களும் 2024 அக்டோபர் 28 அன்று 3ஜியை மூடத் தொடங்கின. மூன்றாவது நிறுவனம் அதற்கு முன்பே மூடியிருந்தது. ஆகவே, இத்தகைய போனில் 000-ஐ அழைத்தால், இல்லாத வலையமைப்பை அது தேடும், அழைப்பு போகாது. இப்படிப்பட்ட கருவிகளுக்குச் சேவை வழங்கக் கூடாது என்று அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இணைப்பைத் துண்டித்த நிறுவனத்தின் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நன்றியே உண்டு. அந்தச் செய்தி வராமல் இருந்திருந்தால், ஊருக்கு நன்றாகப் பேசும் போன் ஆபத்திலும் பேசும் என்று நாங்கள் நம்பிக்கொண்டே இருந்திருப்போம். இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர், எட்டு மணி நேரம் தனியாக, அந்த ஒரு கருவியை நம்பி வீட்டில் இருந்தார். இதைப் படிப்பவர்கள் தங்கள் போனைச் சோதிக்க வேண்டும் என்று அவசர எண்ணை அழைத்துப் பார்க்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உண்மையிலேயே உயிருக்குப் போராடும் ஒருவரின் அழைப்பை அது தாமதப்படுத்தும்.

மறுநாள் விற்பனையாளருக்கு எழுதினேன். முதல் பதில், “சிக்னல் வருகிறதல்லவா சார், அது நெட்வொர்க் பிரச்சினை” என்பது. அட்டவணையில் இருந்த மாடல் எண்ணும் பெட்டியில் இருந்ததும் வேறு என்று இரண்டு படங்களையும் அனுப்பியதும், திரும்பப் பெறும் காலம் முடிந்துவிட்டது என்றார். பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிடப்படும் அந்தக் காலம், நாங்கள் விமானம் ஏறும் முன்பே முடிந்திருந்தது. வெளிநாட்டில் பயன்படுத்துவதற்காக வாங்கும் பொருளை அங்கே போகாமல் எப்படிச் சோதிப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து விற்பனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, அலைவரிசை அட்டவணை நீக்கப்பட்டிருந்தது. ‘உலகப் பதிப்பு’ என்ற வரி மட்டும் அப்படியே இருந்தது. தெரியாமல் நடந்த தவறாக இருந்தால் அட்டவணையைத் திருத்தியிருப்பார். வாங்கும்போதே நான் எடுத்துவைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டுகளையும் அவர் எழுத்தில் தந்த உறுதிமொழியையும் சேர்த்து விற்பனைத் தளத்திடம் முறையிட்டிருக்கிறேன். ஸ்கிரீன்ஷாட்டுகள் இல்லையென்றால் என்னிடம் இன்று சான்றே இருந்திருக்காது.

‘வேலை செய்யுமா’ என்ற என் கேள்வியே அவருக்கு இடம் கொடுத்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்கு ஏறத்தாழ நேரான பதில் இருந்தது. 2ஜி காலத்தில் ஐரோப்பாவும் ஆசியாவின் பெரும்பகுதியும் 900, 1800 மெகாஹெர்ட்ஸையும், அமெரிக்காவும் கனடாவும் 850, 1900 மெகாஹெர்ட்ஸையும் பயன்படுத்தியதால், நான்கும் உள்ள குவாட் பேண்ட் போன் ஒன்று பெரும்பாலான நாடுகளில் பேசியது. அப்போதும், ஜிஎஸ்எம் எனப்படும் அந்த 2ஜி தொழில்நுட்பம் இல்லாத ஜப்பானிலும் தென்கொரியாவிலும் அது பேசவில்லை. 4ஜியில் பேண்டுகள் பல பத்துகளாகப் பெருகிவிட்ட பிறகு ‘உலகப் பதிப்பு’ என்ற சொல்லுக்கு எந்த வரையறையும் கிடையாது; யாரும் எதன் மீதும் அதை எழுதிவைக்கலாம். ‘அன்லாக்’ என்பதும் அப்படியே புரிந்துகொள்ளப்படுகிறது. எந்த நிறுவனத்தின் சிம்மையும் போன் ஏற்கும் என்பதே அதன் பொருள். அந்த நிறுவனத்தின் அலைவரிசை போனில் இருக்கிறது என்றோ, அந்த நிறுவனத்தில் குரல் அழைப்பு செல்லும் என்றோ அதற்குப் பொருள் இல்லை.

எனவே கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள். முதலில், நீங்கள் சேரப்போகும் நிறுவனம் பயன்படுத்தும் பேண்டுகளை அந்த நிறுவனத்தின் தளத்திலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நாட்டின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் போதாது, ஒரே நாட்டில் நிறுவனத்துக்கு நிறுவனம் பேண்டுகள் மாறும். பிறகு பெட்டியின் ஒட்டுச்சீட்டில் உள்ள முழு மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி, தயாரிப்பாளரின் தளத்தில் அதே எண்ணுக்குரிய பேண்டுகளுடன் ஒப்பிடுங்கள். விற்பனையாளர் அனுப்பும் அட்டவணையை ஏற்காதீர்கள்.

குரல் அழைப்பைப் பற்றிய கேள்வியை விற்பனையாளரிடம் கேட்பதில் பயனே இல்லை. அதற்கு விடை சொல்லக்கூடியது நீங்கள் சேரப்போகும் தொலைபேசி நிறுவனம் மட்டுமே. போனில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் தெரியும். பெட்டியின் மீதும் அது அச்சிடப்பட்டிருக்கும். அதன் முதல் 8 இலக்கங்கள் கருவியின் வகையைக் குறிப்பவை. அவற்றை வைத்தே ஒரே பெயருள்ள இரு வகைகளை வலையமைப்பு பிரித்தறிகிறது. அம்மாவின் போன் அடையாளம் காணப்பட்டதும் அப்படித்தான். பல நிறுவனங்கள் இந்த எண்ணை உள்ளிட்டுப் பொருந்துமா என்று பார்க்கும் வசதியைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. இல்லாவிட்டால் வாடிக்கையாளர் சேவையிடம் எழுத்து மூலமாகக் கேட்கலாம். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு ஐஎம்இஐ எண்கள் இருக்கும். ஆஸ்திரேலியா மட்டுமல்ல, அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் 2022-இலேயே 3ஜியை மூடிவிட்டன; சிங்கப்பூரில் 2017-இல் 2ஜியும் 2024-இல் 3ஜியும் மூடப்பட்டன. இறங்கிப் பேச வேறு வலையமைப்பு இல்லாத இத்தகைய நாடுகளுக்குச் செல்வோர் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. ஜெர்மனியில் 3ஜி மூடப்பட்டாலும் 2ஜி இயங்குவதால் பழைய போனிலும் பேச முடிகிறது. அங்கே போய்வந்த நண்பரின் அனுபவத்தை வேறு நாட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

சொந்த ஊர் சிம்மில் ரோமிங் வைத்துக்கொள்வோர், வோல்ட்இ ரோமிங் அந்த நாட்டில் உண்டா என்று தங்கள் நிறுவனத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். நீண்ட காலம் தங்குவோர் பதிவு விதிகளையும் பார்க்க வேண்டும். துருக்கியில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த போனை உள்ளூர் சிம்முடன் பயன்படுத்தினால், வரி செலுத்திப் பதிவு செய்யாத நிலையில் 120 நாள்களுக்குப் பிறகு அது தடுக்கப்படும்.

அம்மாவுக்கு இப்போது அங்கேயே வேறு போன் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். பெட்டியைப் பிரிக்கும் முன் கடையில் நின்றபடியே ஐஎம்இஐ எண்ணைத் தொலைபேசி நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்தேன். பேண்ட் 28 இருப்பதால் வீட்டின் உள்ளறையிலும் சிக்னல் வருகிறது. பழைய போன் வைஃபையில் பாட்டுக் கேட்க மட்டும் பயன்படுகிறது. முறையீட்டுக்கு இன்னும் முடிவு வரவில்லை. அதே விற்பனையாளர் அதே பெயருள்ள போனை ‘எந்த நாட்டிலும் வேலை செய்யும்’ என்ற வரியுடன் இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறார். இப்போது அந்தப் பக்கத்தில் மாடல் எண்ணே இல்லை.