அக்கூஸ்டிக் 360-ஆ, 370-ஆ?

ஜாக்கோ பஸ்டோரியஸ், ஜான் பால் ஜோன்ஸ் என்று இரண்டு பேஸ் கிட்டார் கலைஞர்களின் பெயரைச் சொன்னால் போதும், அவர்கள் வாசித்த பழைய பேஸ் ஆம்ப்ளிஃபயர் அக்கூஸ்டிக் 360-இன் விலை ஏறிவிடும். பேஸ் வாசிக்கிற எனக்கும் அதன் மேல்தான் கண் இருந்தது. வாங்கியது என்னவோ 370. வருத்தமில்லை.

முதலில் எது எது என்று தெரிய வேண்டும். 360 வெறும் ப்ரீஆம்ப், அதாவது கிட்டாரின் சிக்னலைச் சீர்செய்யும் முதல் பகுதி. 1960களின் கடைசியில் கலிஃபோர்னியாவின் அக்கூஸ்டிக் கன்ட்ரோல் நிறுவனம் அதைக் கொண்டுவந்தபோது, ஸ்பீக்கரை இயக்கும் 200 வாட் பவர் ஆம்ப்பை 361 என்ற உயரமான பெட்டிக்குள், 18 அங்குல ஸ்பீக்கரோடு சேர்த்து வைத்தார்கள். ஆகவே ‘360 ஹெட் மட்டும் விற்பனைக்கு’ என்று பார்த்தால், அதாவது ஸ்பீக்கர் பெட்டி இல்லாமல் மேல்பெட்டி மட்டும் என்றால், பாய்ந்து வாங்காதீர்கள். தனியாக ஒரு பவர் ஆம்ப் இல்லாமல் அது உங்கள் ஸ்பீக்கரை அசைக்காது.

370-இல் ப்ரீஆம்ப், பவர் ஆம்ப் இரண்டும் ஒரே ஹெட்டுக்குள் இருக்கும். முன்பக்கம் கிராஃபிக் ஈக்வலைசரின் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பகுதி பகுதியாகச் சரிசெய்வது) ஸ்லைடர் வரிசை தெரிந்தால் 370 என்று கண்டுகொள்ளலாம். குழப்பம் பெட்டியில்தான். 370-க்கு ஜோடியாக வந்த 301-இலும் 18 அங்குல ஸ்பீக்கர்தான். முன்னாலிருந்து பார்த்தால் 361-க்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். விற்பவரிடம் பின்பக்கப் படம் கேளுங்கள். கரண்ட் வயர், ஃபியூஸ், ஹீட்சிங்க் (சூட்டைத் தணிக்கும் தகடு) இருந்தால் 361. ஸ்பீக்கர் ஜாக் மட்டும் என்றால் 301.

வருடம் தெரிய வேண்டுமா? வால்யூம் குமிழுக்குப் பின்னாலுள்ள பொட்டென்ஷியோமீட்டரின் (சுருக்கமாக ‘பாட்’) முதுகில் உள்ள எண்ணைப் படியுங்கள். 1377122 என்றிருந்தால் 137 என்பது பாட்டைத் தயாரித்த சிடிஎஸ் நிறுவனம், 71 வருடம் (1971), 22 வாரம். ஆம்ப் அதற்கு முந்தையது அல்ல என்றுதான் இதற்குப் பொருள். பாட் இடையில் மாற்றப்படாமலும் இருக்க வேண்டும். பழைய சாலிட் ஸ்டேட் (வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர் வைத்த) ஆம்ப் எதையும் இப்படிப் பார்க்கும்போது இன்னொரு பொறி உண்டு: போர்டில் 7815 என்று கண்டால் 1978-ஆம் வருடம் 15-ஆம் வாரம் என்று துள்ள வேண்டாம், அது வோல்டேஜ் ரெகுலேட்டரின் பெயர்.

சத்தத்தைப் பற்றி நீட்டிப் பேச எனக்குத் தகுதியில்லை. 360-ஐ ஒரு நண்பர் வீட்டில் சின்னதாக வைத்து வாசித்ததோடு சரி. கிட்டே நிற்பவரைவிட அரங்கின் கடைசியில் இருப்பவருக்குத்தான் அது நன்றாகக் கேட்கும் என்பார்கள். அதை நான் பார்த்ததில்லை.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது பராமரிப்பு. ஐம்பது வருடம் பழகிய ஆம்ப்பில் எலக்ட்ரோலைட்டிக் கபாசிட்டர் உலர்ந்திருக்கும், அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஒன்று என்றைக்காவது போகும். 370 என்றால் ஹெட்டை மட்டும் காரில் போட்டு மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம், வேறு ஏதாவது பெட்டியில் செருகிச் சோதிக்கலாம். 361-இல் பவர் ஆம்ப் குடியிருப்பதே 18 அங்குல ஸ்பீக்கரின் அதிர்வுக்குள். சால்டர் விட்டுப்போக வேறு காரணம் வேண்டாம். ஹம் என்ற இரைச்சல் கேட்டால் தப்பு ப்ரீஆம்ப்பிலா, நடுவிலுள்ள கேபிளிலா, பெட்டிக்குள்ளா என்று தேட வேண்டும். தேடுவதற்கு முன் பெட்டியை மாடியிலிருந்து இறக்க இரண்டு ஆள் வேண்டும்.

என் 370-இல் ஃபில்டர் கபாசிட்டர்களை மாற்றியாயிற்று. கழற்றிய பழையவற்றை ஒரு கவரில் போட்டு ஹெட்டின் பின்னாலேயே ஒட்டி வைத்திருக்கிறேன், அடுத்து வாங்குபவர் அசல் எங்கே என்று கேட்பார் இல்லையா. மறுவிற்பனை என்று பார்த்தால், ஜோடி கலையாத 360/361-க்குத்தான் மவுசு அதிகம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஜோடி கலைந்தால் அந்தக் கணக்கு செல்லாது.

370 பார்க்கப் போகிறவர்கள் மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். பெட்டியைச் செருகும் முன் ஸ்பீக்கர் ஜாக்கில் டிசி (நேர்மின்) வோல்டேஜ் அளவு பாருங்கள்: பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். சில வோல்ட் காட்டினால் செருகவே செருகாதீர்கள், ஸ்பீக்கரின் கோன் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, அதை அசைக்கும் வாய்ஸ் காயில் கருகிவிடலாம். பின்தகட்டில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஓம் (மின்தடை) அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டிகளைச் சேர்த்துச் சேர்த்து மொத்த ஓம் அதற்குக் கீழே இறங்கினால் போவது டிரான்சிஸ்டர்கள்தான்.