பிரேக் ஆயில் மாற்றியதாகப் பணம் வாங்கினார்கள். கொல்லிமலை இறக்கத்தில்தான் உண்மை தெரிந்தது

நாமக்கல், சேந்தமங்கலம், ராசிபுரம் பக்கம் கார் வைத்திருப்பவர்கள், குறிப்பாகக் கொல்லிமலைக்கு அடிக்கடி ஏறி இறங்குகிறவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். சுருக்கினால் எந்த இடத்தில் ஏமாற்றினார்கள் என்பதே புரியாமல் போய்விடும். ஒர்க்‌ஷாப்பின் பெயரை எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

என்னுடையது 2014-இல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஏ.பி.எஸ். (திடீரென்று பிரேக் பிடித்தால் சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத மாடல். பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. கொண்டுபோய் விட்டேன். முன் காலிப்பரில் (டிஸ்க்கைப் பேடால் அழுத்திப் பிடிக்கும் பகுதி) பிஸ்டன் இறுகியிருக்கிறது, இரண்டு பக்கமும் கழற்றி சீல் கிட் போட வேண்டும், பேட் தேய்ந்துவிட்டது, பிரேக் ஆயிலும் பழசு, எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றார்கள். சரி என்றேன். பிரேக் விஷயத்தில் காசு பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எப்போதும் சொல்வது.

மாலையில் வண்டி வந்தது. பில் 6,850 ரூபாய். அதில் இரண்டு வரிகளை மட்டும் நினைவில் வையுங்கள்: ‘பிரேக் ஆயில் முழு மாற்றம்’, ‘நான்கு சக்கரம் ஏர் ப்ளீடிங்’, அதாவது நான்கு சக்கரத்திலும் பிரேக் ஆயிலுக்குள் தங்கிய காற்றை வெளியே எடுப்பது.

வண்டியை வெளியே எடுக்கும்போதே பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. பஞ்சை மிதிப்பது போல இருந்தது. கேட்டேன். “புது பேட் சார், ஒரு இருநூறு கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்” என்றார் அங்கிருந்த சூப்பர்வைசர். பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவையும் காட்டினார். உள்ளே இருந்தது தெளிவாக, இளமஞ்சள் நிறத்தில், புத்தம் புதிதாக இருந்தது. நம்பி எடுத்து வந்துவிட்டேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. புது பேட் டிஸ்க்கோடு சேர்ந்து படிய கொஞ்சம் ஓட வேண்டும், அதுவரை பிடிப்பு குறைவாக இருக்கலாம். ஆனால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குவதும், இரண்டு மூன்று தடவை வேகமாக மிதித்தால் மேலே வந்து கெட்டியாவதும் பேட் வேலை அல்ல. அது பெரும்பாலும் லைனில், அதாவது பிரேக் ஆயில் போகும் பாதையில், காற்று. பின் டிரம்மில் ஷூ (டிரம்மின் உள்பக்கம் உரசிப் பிடிப்பது) லூசாக இருந்தாலும் மிதிக்க மிதிக்கப் பெடல் மேலே வரும், ஆனால் அதில் அந்தப் பஞ்சுத்தன்மை இருக்காது. இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

நான்கு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏற்றத்தில் பிரேக்குக்கு என்ன வேலை? கோயில் முடித்து, மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். சோளக்காடு தாண்டி இறக்கம் ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொரு வளைவுக்கும் பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போவது தெரிந்தது. முதலில் பாதி. அப்புறம் முக்கால். ஒரு வளைவில் மிதித்தபோது கால் கிட்டத்தட்டத் தரையைத் தொட்டுவிட்டது. வண்டி நிற்கவில்லை. மறுபடியும் மறுபடியும் மிதித்தேன், மூன்றாவது மிதிக்குத்தான் பிடித்தது. எதிரே பஸ் ஏறிக்கொண்டிருந்தது.

“ஏன் சாமி, வண்டி ஒரு மாதிரி போகுது?” என்று அம்மா பின்னாலிருந்து கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கியரை இரண்டு, ஒன்று என்று இறக்கி, ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைப் பக்கமாக அகலமாக இருந்த ஓர் இடத்தில் ஒதுக்கி நிறுத்தினேன். எல்லோரையும் இறக்கி, டயருக்குக் கல் வைத்தேன். கை நடுக்கம் நிற்க ரொம்ப நேரம் ஆனது.

ஹேண்ட் பிரேக் என்னைக் காப்பாற்றியதற்குக் காரணம் உண்டு. அது கேபிளில் இழுபடுவது, ஆயிலோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. லைன் முழுக்கக் காற்றாக இருந்தாலும் பின் சக்கரத்தைப் பிடிக்கும். ஆனால் ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் லாக் ஆகி வண்டி வழுக்கிவிடும். விட்டு விட்டுத்தான் இழுக்க வேண்டும்.

முக்கால் மணி நேரம் ஆற விட்டோம். குடும்பத்தை மலை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, நான் மட்டும் முதல் கியரில் ஊர்ந்து காரவள்ளி வந்து சேர்ந்தேன். இப்போது யோசித்தால் அதுவும் தப்பு. அங்கேயே விட்டுவிட்டு ஆளை மேலே வரவழைத்திருக்க வேண்டும்.

நண்பர் சொல்லி, நாமக்கல்லில் முப்பது வருஷத்துக்கு மேல் வண்டி வேலை பார்க்கும் ஒரு பெரியவரைக் கூப்பிட்டேன். வண்டியை டோ செய்து அவருடைய ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். அவர் பிரேக்கில் ஸ்பேனர் வைப்பதற்கு முன்னால் முன் சக்கரத்தை மட்டும் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டு, காலிப்பரில் காற்று எடுக்கத் திறக்கும் சின்ன நிப்பிளைக் காட்டினார்.

“தம்பி, டார்ச்சு புடிங்க. இந்த நிப்பிள் எங்க இருக்குது பாருங்க.”

“கீழ இருக்குதுங்கண்ணா.”

“காத்து தண்ணிக்குள்ள இருந்தா எங்க போயி நிக்கும்?”

“மேலதானுங்க.”

“அப்ப கீழ இருக்கிற ஓட்டையில காத்து எப்படிங்க வெளிய வரும்?”

அவ்வளவுதான் விஷயம். இரண்டு காலிப்பரையும் ஒரே நேரத்தில் கழற்றி மேசையில் வைத்து சீல் மாற்றியிருக்கிறார்கள். திரும்ப மாட்டும்போது இடதுக்கு வலது, வலதுக்கு இடது மாறிவிட்டது. பல வண்டிகளில் அப்படி மாற்றி மாட்டினாலும் போல்ட் எல்லாம் சரியாக உட்கார்ந்துவிடும். வெளிப் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் ஏர் எடுக்கும் நிப்பிள் காலிப்பரின் மேல் முனையில் இருக்க வேண்டியது, கீழ் முனைக்குப் போய்விடுகிறது. அந்த நிலையில் எத்தனை தடவை ப்ளீட் செய்தாலும் ஆயில்தான் வழியுமே தவிர, மேலே தங்கிய காற்று அங்கேயே இருக்கும். ஆயிலை அழுத்தினால் சுருங்காது. காற்று சுருங்கும். நாம் கால் கொடுக்கும் அழுத்தம் பேடுக்குப் போகாமல் அந்தக் காற்றைச் சுருக்குவதில் தீர்ந்துவிடுகிறது. இறக்கத்தில் காலிப்பர் சூடாகச் சூடாக அந்தக் காற்று இன்னும் விரியும்.

இந்த மாதிரிச் சின்ன கார்களில் பிரேக் லைன் இரண்டாகப் பிரிந்து குறுக்காகப் போகும்: ஒன்றில் முன் இடது, பின் வலது, இன்னொன்றில் முன் வலது, பின் இடது. ஒரு லைன் போனாலும் இன்னொன்று பிடிக்கட்டும் என்பதற்காக அப்படி வைத்தது. என் வண்டியில் முன் சக்கரம் இரண்டிலும் காற்று, ஆகவே இரண்டு லைனும் ஒன்றாகக் கெட்டிருந்தன.

இது கவனக்குறைவு என்றே வைத்துக்கொள்வோம். அடுத்துப் பார்த்தது அப்படி அல்ல. பின் சக்கரங்களுக்குப் போனார். நிப்பிளின் ரப்பர் மூடி மேல் மண் இறுகிப் போயிருந்தது. மூடியை எடுத்தால் உள்ளே துரு. ஸ்பேனர் பட்ட தடமே கிடையாது. வலது பக்கத்து நிப்பிள் துரு இறக்கும் ஸ்ப்ரே அடித்து, தட்டித் தட்டிப் பார்த்தும் திரும்பாமல் உடைந்தது. டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரே மாற்ற வேண்டியதாயிற்று. “இதைப் பல வருஷமா யாரும் தொறக்கலைங்க” என்றார். இதற்குத்தான் ‘நான்கு சக்கரம் ஏர் ப்ளீடிங்’ என்று பில் போட்டிருந்தார்கள்.

அப்படியானால் டப்பாவில் தெளிவாக இருந்த ஆயில்? அதுதான் பலரும் ஏமாறும் இடம். என்ஜின் ஆயில் மாதிரி பிரேக் ஆயில் சுற்றி ஓடாது. டப்பாவில் இருப்பது டப்பாவிலேயே நிற்கும், சக்கரத்தில் இருப்பது சக்கரத்திலேயே கிடக்கும். சிரிஞ்சால் மேலே இருப்பதை உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றினால் பார்ப்பதற்கு முழுதாக மாற்றியது போலவே இருக்கும். பெரியவர் பின் இடது சக்கரத்தில் டியூப் மாட்டித் திறந்தபோது வந்தது காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. அந்த பாட்டிலை அப்படியே மூடி வைத்திருக்கிறேன்.

நாம் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் அல்ல. கிளைகால் வகைத் திரவம், காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டப்பாவில் போட்டிருக்கும் தரக் குறியீடு டாட் 4 என்றால் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலைக்கு வகுத்திருக்கும் அளவு 155 டிகிரிதான். டாட் 3-க்கு 205, 140. மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி அந்த ஈரம் கொதித்தால் அதுவும் லைனுக்குள் ஆவிக் குமிழியாகும். காற்று இருப்பதற்கும் அதற்கும் பலனில் வித்தியாசம் இல்லை. அதனால்தான் பல கம்பெனிகள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கின்றன. ஓடாமல் நின்ற வண்டிக்கும் இது பொருந்தும். மூடி திறந்து பல நாள் அலமாரியில் கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றினால் புது ஆயில் போட்டும் பிரயோஜனம் இல்லை. சீல் உடைப்பதை நின்று பாருங்கள்.

பெரியவர் வேலை பார்த்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஒழுங்கான வேலை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். காலிப்பரை அதனதன் பக்கம் மாற்றி, காலிப்பரில் ஆயில் குழாயை மாட்டும் ஹோஸ் போல்ட்டுக்குப் புது காப்பர் வாஷர் போட்டார். பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்தில் இருப்பதிலிருந்து கிட்டே வந்தார். சில வண்டிக்குக் கம்பெனி வேறு வரிசை சொல்லும், மேனுவலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். நிப்பிளில் கண்ணாடி போன்ற டியூப், அதன் மறுமுனை பாட்டிலில் ஏற்கெனவே ஊற்றிய ஆயிலுக்குள் முங்கியிருந்தது. என்னை உட்கார வைத்து மிதிக்கச் சொன்னார். “மிதிங்க… புடிங்க.” நிப்பிளைத் திறப்பார், பெடல் கீழே போகும், குமிழி வரும். மூடிய பிறகுதான் “விடுங்க” என்பார். மூடாமல் காலை எடுத்தால் வெளிக் காற்றை அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். வேகமாக மிதிக்கவும் விடவில்லை, ஆயில் நுரைத்துக் குமிழி பொடிப்பொடியாகிவிடுமாம். நாலைந்து தடவைக்கு ஒரு முறை எழுந்துபோய் டப்பாவில் அளவு பார்த்து ஊற்றினார். அது வற்றினால் செய்த வேலை எல்லாம் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றவே இல்லை. முக்கால் லிட்டருக்கு மேல் செலவானது. பெயின்ட்டில் ஒரு சொட்டு விழுந்தது, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினார், இல்லாவிட்டால் பெயின்ட்டை அரித்துவிடும். ஒன்றரை மணி நேரம் ஆனது. பெடல் மேலேயே கெட்டியாக நின்றது.

2019 ஏப்ரல் முதல் விற்கும் கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம். அந்த வண்டிகளில் ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் பல மாடல்களுக்கு ஸ்கேனர் மாட்டி அதன் பம்பை ஓட்டித்தான் எடுக்க முடியும். உங்களுடையது அப்படி என்றால் ஸ்கேனர் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

மறுநாள் பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். “வெளிய வேற ஆள் கை வெச்சுட்டாங்க சார், இனி நாங்க பொறுப்பில்லை” என்றார்கள். நல்லவேளை, பெரியவர் கழற்றும் முன்பே கீழே இருந்த நிப்பிளையும், மண் மூடிய பின் நிப்பிளையும், வண்டி நம்பர் தெரியும்படி போட்டோ, வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தார். அதைக் காட்டியதும் பேச்சு மாறியது. ஆயில் காசை மட்டும் திருப்பித் தருகிறோம் என்றார்கள். அம்மாவும் பிள்ளைகளும் அந்த வண்டியில் இருந்தார்கள் என்று சொன்னேன். “நம்ம பக்கம் வேலை கரெக்டுதான் சார்” என்று மறுபடியும் ஆரம்பித்தார்கள். காசு வாங்காமல் வந்துவிட்டேன்.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நடந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போடலாம், செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பில்லைத் தொலைக்காதீர்கள்.

இந்த மாதத்தில் யாராவது முன் காலிப்பர் வேலை பார்த்திருந்தால், இன்றைக்கே ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வைத்துவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். அநேகமாக எல்லா வண்டியிலும் நிப்பிள் ஹோஸ் போல்ட்டுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள், போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு ஆளை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.