ரிஸ்பெரிடோனா, அரிபிப்ரசோலா?

ஆட்டிசக் குழந்தைகளின் கடும் எரிச்சலுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்த மருந்துகள் இவை இரண்டும்: 2006-இல் ரிஸ்பெரிடோன், 2009-இல் அரிபிப்ரசோல். ஆட்டிசத்தை இவை மாற்றாது.

ரிஸ்பெரிடோனில் பசிதான் பெரும்பாடு. சாப்பிட்டுக் கைகழுவிய பிள்ளை கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டோடு வந்து நிற்கும். சீருடை இடுப்பில் பிடிக்கும். தூக்கக் கலக்கமும் உண்டு. பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் ஏறி, பையன்களுக்கும் மார்பு வீங்கலாம். கூச்சத்தில் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கவனிக்க வேண்டும்.

அரிபிப்ரசோலில் புரோலாக்டின் தொல்லை குறைவு. எடை ஏறாது என்பார்கள், நம்பாதீர்கள், ஏறும். உட்காரவே விடாத பரபரப்பும் வரலாம். பேசாத குழந்தையிடம் அது வெறும் சேட்டை போலத்தான் தெரியும். சரி, டோஸ் போதவில்லை என்று கூட்டினால் இன்னும் மோசமாகும்.

பருவமடையும் வயதென்றால் அரிபிப்ரசோலைப் பற்றி முதலில் கேட்பேன். எதுவானாலும் எடை, சர்க்கரை, கொழுப்பு பார்க்கணும். மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது.