காரைக்குடி ஞாயிறு வகுப்பு: வறுமைக்கோடு பாடத்துக்குப் போகலாமா?

சமூகப்பணி முதுகலை மாணவர்களுக்கு இங்கே ஒரு பயிற்சி மையம் ஞாயிறுதோறும் வகுப்பு எடுக்கிறது. முதல் இரண்டு வாரம் சுத்த வீண். ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிராமத்தில் 2400 கலோரி, நகரத்தில் 2100, வறுமைக்கோட்டைக் கணக்கிட்ட டெண்டுல்கர் குழு 2011-12க்குச் சொன்ன தலைக்கு மாதச் செலவு கிராமத்தில் 816, நகரத்தில் 1000 ரூபாய், அப்புறம் ரங்கராஜன் குழுவின் 972, 1407 என்று ஒப்பிக்க வைத்தார்கள். ஏன் மாறியது என்று கேட்டால், "பரீட்சைக்கு இது போதும்மா".

மூன்றாவது வாரம் வந்த மேடம் வேறு ரகம். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்குக் கூட்டிப்போனார். வீட்டு ஆச்சி சென்னையில், பின்கட்டில் காவல்காரர் குடும்பம். வருமானத்தை விட்டு உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் மூன்றிலும் உள்ள குறைகளைப் பார்க்கும் நிதி ஆயோக்கின் பல பரிமாண வறுமைக் குறியீட்டில் இருக்கும் 12 குறிகளையும் அவர்களை வைத்தே நிரப்பச் சொன்னார். தரை? ஆத்தங்குடிக் கல். தூண்? பர்மா தேக்கு. வீட்டுக்கான கட்டத்தில் 'குறை இல்லை' என்று எழுதக் கை கூசியது, எதிரே காவல்காரர் வீட்டு அக்கா ரேஷன் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குறைக்கும் ஒரு மதிப்பு போட்டு, அவற்றைக் கூட்டி, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால்தான் ஏழை என்கிற கணக்கு அங்கேதான் மண்டையில் ஏறியது.

கட்டணம் 1500 ரூபாய், கொஞ்சம் அதிகம்தான். அந்த மேடம் எந்த வாரம் வருகிறார் என்று கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.