விர்ட்டஸ்: தினசரி ஓட்டத்துக்கு 1.0 டர்போவா, 1.5 டர்போவா?

ஃபோக்ஸ்வேகனின் செடான் கார் விர்ட்டஸின் அழகில் விழுந்தவர்கள் அடுத்துத் தடுமாறுவது எஞ்சினில்: 1.0 லிட்டரா, 1.5 லிட்டரா? டிக்கி இரண்டிலும் அதே 521 லிட்டர். இங்கே பேசுவது ஆட்டோமேட்டிக் மட்டும்.

எஞ்சின்
1.0: 3 சிலிண்டர், 115 பிஎஸ் சக்தி, 178 என்எம் இழுவிசை (டார்க்). சிக்னலில் நிற்கும்போது லேசான அதிர்வு தெரியும். டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி) விழிக்கும் வரை கொஞ்சம் மந்தம்.
1.5: 4 சிலிண்டர், 150 பிஎஸ், 250 என்எம். சுமை குறைந்தால் இரண்டு சிலிண்டர் தானாக ஓய்வெடுக்கும். நெடுஞ்சாலையில் பெட்ரோல் மிச்சம்.

கியர்பாக்ஸ் (முடிவை மாற்றுவது இதுதான்)
1.0: 6 ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர். விசை எண்ணெய் வழியாகக் கடப்பதால் ஊர்ந்து போகும் டிராஃபிக்கை அலட்டிக்கொள்ளாது.
1.5: 7 ஸ்பீடு டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்), உலர் கிளட்ச் (எண்ணெயில் மூழ்காதது). அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்து, பாதி வழுக்கிச் சூடேறும். முதல் இரண்டு கியர்களில் குலுங்கத் தொடங்கும். முன்வண்டி ஒரு கார் நீளமாவது விலகிய பிறகு நகருங்கள். மேம்பால ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். பிரேக் எதற்கு இருக்கிறது?

செலவு
1.0: 999 சிசி, 2022 ஜூன் கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீடு ஆண்டுக்கு ரூ.2,094.
1.5: 1,498 சிசி, ரூ.3,416. கார் விலையில் உள்ள வித்தியாசத்தோடு பார்த்தால் இது சில்லறை.

நகருக்குள்ளேயே அலுவலகம், பள்ளி என்றால் 1.0 போதும். வாராவாரம் நெடுஞ்சாலை ஏறுபவர்களுக்கு 1.5. டெஸ்ட் டிரைவை மட்டும் மாலை நெரிசலில் கேட்டு வாங்குங்கள்.