சிங்கப்பூர் சர்வர் வருமென்று சொல்லிப் பணம் வாங்கினார்கள்

கடந்த ஆண்டு மார்ச் மாதம், வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நடத்தும் இணைய விளையாட்டின் ஃபவுண்டர் பேக்கை (தொடக்க ஆதரவாளர்களுக்கு விற்கும் தொகுப்பை) 189 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். நான் மட்டும் வாங்கியிருந்தால் இந்தப் பதிவுக்குத் தேவை இருந்திருக்காது. பட்டர்வொர்த், நிபோங் திபால், சுங்கை பட்டாணி என்று பல ஊர்களில் இருக்கும் என் கில்ட் (விளையாட்டுக் குழு) நண்பர்கள் ஆறு பேரையும் நானே பேசி வாங்க வைத்தேன். அவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருப்பதால்தான் எழுதுகிறேன்.

வாங்கியதற்குக் காரணம் ஒரே ஒரு வாக்குறுதி. செப்டம்பர் இறுதிக்குள் சிங்கப்பூரில் சர்வர் திறக்கப்படும் என்று விற்பனைப் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். பினாங்கின் பாயான் லெப்பாஸில் இருந்து ஐரோப்பிய சர்வரில் விளையாடும்போது என் பிங் (சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) 200 மில்லிநொடிக்குக் கீழே இறங்கியதே இல்லை. எதிரி கோடரியை ஓங்குவதை என் திரையில் பார்த்து நான் விலகும் நேரத்தில், சர்வரின் கணக்கில் நான் ஏற்கெனவே செத்திருப்பேன். வேலை முடிந்து வந்து இரவு ஒரு மணி நேரம் ஏழு பேர் சேர்ந்து விளையாடுகிறோம் என்றால், அந்த ஒரு மணி நேரமும் இப்படித்தான் போகும். அதனால் சிங்கப்பூர் சர்வர் என்பது எங்களைப் பொறுத்தவரை கூடுதல் வசதி அன்று. நாங்கள் பணம் கொடுத்ததே அதற்குத்தான்.

ஆகஸ்ட் மாதம் அவர்களுடைய டிஸ்கார்ட் அரட்டைத் தளத்தில் மேலே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த அறிவிப்பை மறுபடி படித்தபோது, "திறக்கப்படும்" என்ற பொருளில் இருந்த சொல் "திறக்க முயல்கிறோம்" என்ற பொருளுக்கு மாறியிருந்தது. புதிய அறிவிப்பு எதுவும் வரவில்லை. வரியின் ஓரத்தில், திருத்தப்பட்டது என்பதைக் காட்டும் சாம்பல் நிறச் சிறு குறிப்பு மட்டும் இருந்தது. மார்ச் மாதமே நான் எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட் கையில் இல்லாவிட்டால், என் நினைவுதான் பிழை என்று நம்பியிருப்பேன். இரண்டு படங்களையும் இணைத்துக் காரணம் கேட்டேன். என் பதிவு அன்றிரவே நீக்கப்பட்டது. ஆதரவுப் பிரிவுக்கு எழுதிய மூன்று மின்னஞ்சல்களுக்கும், டிக்கெட் எண் மட்டும் மாறிய ஒரே பதில் மூன்று முறை வந்தது.

அதன் பிறகு முழு மௌனம். ஆனால் கடை மட்டும் ஓயவில்லை. டிசம்பரில், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று விளையாட்டுக்குள் செலவழிக்கும் பணத்தை விற்றார்கள். என் அக்கா மகன், தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் (அன்பளிப்பு உறை) பணத்தில் 120 ரிங்கிட்டுக்கு இ-வாலட் வழியாக டாப்-அப் செய்தான். "மாமா, சர்வர் வந்ததும் நானும் உங்க கில்டுல சேர்ந்துக்கலாமா?" என்று கேட்டான். சரி என்றேன். பிப்ரவரி 2ஆம் தேதி, மார்ச் இறுதியில் விளையாட்டையே மூடப்போவதாகவும், வாங்கிய எதற்கும் பணம் திரும்பக் கிடைக்காது என்றும் நான்கு வரியில் அறிவித்தார்கள்.

நான் வங்கி அட்டையில் கட்டியிருந்ததால், பணத்தைத் திரும்பக் கேட்க வங்கிக்குச் சென்றேன். சர்வர் வருமென்று சொன்ன கெடு நாளில் இருந்து 120 நாளுக்குள் முறையிட்டிருக்க வேண்டும் என்று அங்கிருந்த அதிகாரி கணக்குப் போட்டுக் காட்டினார். செப்டம்பர் 30இல் இருந்து எண்ணினால் அது ஜனவரி 28. அறிவிப்பு வந்தது அதற்கு ஐந்து நாள் கழித்து. இதைத் தற்செயல் என்று என் மனம் ஏற்கவில்லை.

விளையாட்டு தோற்றுப்போவதில் எனக்குக் கோபம் இல்லை. ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற இணைய விளையாட்டு 2010இல் வெளிவந்தபோது அதைவிட மோசமாகத் தோற்றது. அதன் நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது, மாதக் கட்டணத்தை நிறுத்தி வைத்தது, புதிய தயாரிப்பாளராகப் பொறுப்பேற்ற நாவோக்கி யோஷிடா என்ன நடக்கிறது என்று ஆட்டக்காரர்களுக்குத் தொடர்ந்து கடிதம் எழுதினார். 2013இல் புதிதாகக் கட்டப்பட்டு வந்த விளையாட்டுக்கு மக்கள் திரும்பி வந்தார்கள். 2024 ஆகஸ்டில் வந்த கன்கார்ட் என்ற விளையாட்டை இரண்டே வாரத்தில் சோனி மூடியது. ஆனால் வாங்கியவர்களுக்கு முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தது. தாமதமாகிறது என்றோ, முடியவில்லை என்றோ செப்டம்பரிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நாங்கள் ஏழு பேரும் வருத்தத்தோடு விலகியிருப்போம். அந்தப் பையனின் பணமும் தப்பியிருக்கும். முடியாது என்று தெரிந்த பிறகும் விற்றதைத்தான் நான் ஏமாற்று என்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்து விழுக்காடு கூடுதல் கிடைக்கிறது என்பதற்காக, ஸ்டீம் என்ற பொது விளையாட்டு விற்பனைத் தளத்தில் வாங்காமல் அவர்களுடைய சொந்தத் தளத்தில் வாங்கினோம். ஸ்டீமில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பணம் திரும்பக் கேட்கலாம். எங்கள் வழக்குக்கு அது பயன்பட்டிருக்காது என்றாலும், நடுவில் கேட்பதற்கு ஓர் ஆளாவது இருந்திருக்கும்.

மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே பதிவு செய்யலாம். நான் படிவத்தை நிரப்பத் தொடங்கினேன். எதிர்தரப்பின் முகவரியைக் கேட்கும் இடத்தில் நின்றுவிட்டேன். ரசீதில் ஒரு பெயரும் மின்னஞ்சலும் மட்டுமே இருக்கின்றன.

இதே நிறுவனம் இப்போது வேறொரு விளையாட்டுக்கு ஃபவுண்டர் பேக் விற்கிறது. விற்பனைப் பக்கத்தில் மீண்டும் சிங்கப்பூர் சர்வர் என்று எழுதியிருக்கிறது. வாங்கியிருந்தால் அந்தப் பக்கத்தை இன்றே தேதியோடு படமெடுத்து வையுங்கள். சொன்ன கெடு நாள் தாண்டிய மறுநாளே, அவர்கள் பதிலுக்குக் காத்திராமல், வங்கிக்குப் போங்கள். உங்கள் ரசீதில் தெருப் பெயரோடு கூடிய முகவரி இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்; படிவம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.